சாம்பியன் அணி சரிந்த வருஷம்
கோல்கீப்பர் பிராங்க் ஸ்விப்ட் வாழ்க்கைக் கதை

இங்கிலாந்து நாட்டில் கால்பந்து லீக் பந்தயம் 1888-ம் ஆண்டு தொடங்கியது. அன்று முதல் இன்று வரை எத்தனையோ கிளப்புகள் சாம்பியன் பட்டம் பெற்றிருக்கின்றன. எத்தனையோ கிளப்புகள் முதல் டிவிஷனில் இருந்து கீழே இறக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், ஒரு வருஷம் சாம்பியனாகி அடுத்த வருஷமே கீழே இறங்கிய கிளப் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மான்செஸ்டர் சிட்டி. பட்டம் வென்றது 1937-ம் ஆண்டு. கீழே விழுந்தது 1938-ம் ஆண்டு.

அந்த இரண்டு வருஷமும் அந்த அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஒரே ஆள்தான். ஒரு ஆட்டத்தைக் கூட அவர் தவற விடவில்லை. ஏறிய போதும் அவர்தான் நின்றார். இறங்கிய போதும் அவர்தான் நின்றார். அவர் பெயர் பிராங்க் ஸ்விப்ட்.

கோல்கீப்பர் வேலை ரெயில்வே கேட்மேன் வேலையைப் போன்றது. ஆயிரம் வண்டிகள் பத்திரமாகப் போனால் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு தவறு நடந்தால் ஊரெல்லாம் அவன் பெயர்தான். இந்த வேலையைச் சிரித்த முகத்தோடு கடைசி வரை செய்தவர் ஸ்விப்ட்.

கடற்கரை ஊர்ப் பையன்

பிராங்க் ஸ்விப்ட் 1913-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி பிளாக்பூல் என்ற ஊரில் பிறந்தார். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ஊர் அது. மான்செஸ்டர் போன்ற ஊர்களின் மில் தொழிலாளர்கள் வருஷத்துக்கு ஒரு முறை விடுமுறைக்குப் போகும் இடம்.

ஸ்விப்ட் குடும்பத்தில் கோல் காப்பது புதிதல்ல. அவருடைய அண்ணன் பிரெட்டும் கோல்கீப்பர்தான். பிராங்க் வளர வளர அவர் கைகளும் வளர்ந்தன. ஆள் 6 அடி 2 அங்குலம். விரல்களை விரித்தால் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு ஒரு அடிக்குக் கால் அங்குலம்தான் குறைவு. முறம் போன்ற கை என்று நம் ஊரில் சொல்வோமே, அப்படிப்பட்ட கை. பந்தை ஒரே கையால் அள்ளி எடுப்பார்.

பள்ளிப் படிப்புக்குப் பிறகு பிளாக்பூல் காஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சுட்ட நிலக்கரியைக் கவனிக்கும் வேலை. ஓய்வு நேரத்தில் கால்பந்து. பக்கத்து ஊரான பிளீட்வுட் அணிக்கு விளையாடினார். 1932-ம் ஆண்டு மான்செஸ்டர் சிட்டி கிளப் அவரைச் சேர்த்துக் கொண்டது. அப்போது அவருக்கு 18 வயது.

ஆரம்பமே அடி

முதல் ஒரு வருஷம் ரிசர்வ் அணியில் காத்திருந்தார். 1933-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஊல்வர்ஹாம்ப்டன் அணி சிட்டியை 8-0 என்று அடித்து நொறுக்கியது. அன்று கோல் காத்தவருக்கு அதோடு இடம் போயிற்று. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, டெர்பி ஊரில் நடந்த ஆட்டத்துக்கு ஸ்விப்ட் அனுப்பப்பட்டார்.

அந்த ஆட்டத்தில் சிட்டி 4-1 என்று தோற்றது. முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கினார். மறுநாள் அவருக்கு 20-வது பிறந்த நாள். ஆனாலும் கிளப் அவரை மாற்றவில்லை. அன்று கிடைத்த இடத்தை அவர் 1938-ம் ஆண்டின் கோடை வரை ஒரு வருஷம் கூட விட்டுக் கொடுக்கவில்லை. அதற்குள் நான்கு முழு சீசன்கள், சீசனுக்கு 42 லீக் ஆட்டங்கள், எல்லாவற்றிலும் அவர்தான்.

வெம்ப்ளியில் மயக்கம்

1934-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டியும் போர்ட்ஸ்மவுத்தும் மோதின. சுமார் 93 ஆயிரம் பேர் கூடியிருந்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திருந்தார். ஸ்விப்ட் பெரிய அணியில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

சிட்டியின் கேப்டன் சாம் கோவன் அனுபவசாலி. தன் அறையில் தங்கிய சின்னப் பையனுக்கு நடுக்கம் என்பது அவருக்குத் தெரியும். காலில் அடிபட்டிருந்த அவர், பாதத்தை வெந்நீரில் வைத்துக் கொண்டு இரவு வெகு நேரம் வரை ஸ்விப்டுடன் பேசிக் கொண்டே இருந்தாராம். தூங்கத் தாமதமானால் எழுந்திருக்கவும் தாமதமாகும். பயப்படுவதற்கு நேரம் குறையும் என்பது அவர் போட்ட கணக்கு.

அன்று மழை. தோல் பந்து நனைந்தால் வழுக்கும். கையுறை போடலாமா வேண்டாமா என்று ஸ்விப்டுக்குக் குழப்பம். எதிர் அணிக் கோல்கீப்பர் போடவில்லை என்று பார்த்துவிட்டு, அவரும் போடவில்லை. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள், போர்ட்ஸ்மவுத்தின் ரதர்போர்டு அடித்த பந்து அவர் விரல்களில் பட்டு நழுவி உள்ளே போய்விட்டது.

இடைவேளையில் ஸ்விப்ட் உடைந்து போய் உட்கார்ந்திருந்தார். கையுறை போட்டிருந்தால் தடுத்திருக்கலாமே என்று அவர் மனம் அடித்துக் கொண்டது. பிரெட் டில்சன் என்ற முன்கள ஆட்டக்காரர் அவரைத் தேற்றினார். இரண்டாவது பாதியில் தான் இரண்டு கோல் போட்டு விடுவதாகச் சொன்னார். வாய்ச்சொல் வீணாகவில்லை. 73-வது நிமிடத்தில் ஒரு கோல். முடிய மூன்று நிமிடம் இருக்கும் போது இன்னொரு கோல்.

அந்தக் கடைசி மூன்று நிமிடம்தான் ஸ்விப்டுக்கு மூன்று யுகம். கோல் வலைக்குப் பின்னால் இருந்த போட்டோகாரர்கள் எவ்வளவு நேரம் பாக்கி என்று அவருக்குச் சொல்லிக் கொண்டே இருந்தனர். விசில் ஊதியது. வலைக்குள் கிடந்த தொப்பியையும் கையுறையையும் எடுக்கக் குனிந்தவர், அப்படியே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, தாங்கிப் பிடித்து அழைத்துப் போய் மன்னரிடம் பதக்கம் வாங்க வைத்தார்கள். பையன் எப்படி இருக்கிறான் என்று மன்னர் பிறகு தந்தி மூலம் விசாரித்தார்.

அன்று சிட்டி அணியில் விளையாடிய நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் பெயரை இங்கே ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர். மாட் பஸ்பி.

சிகரம்

1936-37 சீசனில் கிறிஸ்துமஸ் வரை சிட்டி சுமாராகத்தான் ஆடியது. கிறிஸ்துமஸ் அன்று கிரிம்ஸ்பி அணியிடம் 5-3 என்று தோற்றது. அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த 22 லீக் ஆட்டங்களில் ஒன்றில் கூடத் தோற்கவில்லை. அயர்லாந்துக்காரர் பீட்டர் டோகர்ட்டி மட்டும் அந்த சீசனில் 30 லீக் கோல் போட்டார். அணி மொத்தமாக 107 கோல் போட்டது. சார்ல்டனை மூன்று பாயிண்டு வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி, 57 பாயிண்டுகளுடன் சாம்பியன் ஆனது. அந்தக் கிளப்புக்கு அதுதான் முதல் லீக் பட்டம்.

ஸ்விப்டுக்கு அப்போது 23 வயது. கோப்பைப் பதக்கம் ஒன்று, லீக் பதக்கம் ஒன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பொல்லாத சீசன்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். 1937-38 சீசனில் சறுக்கியது.

கணக்கு விஷயம் நம்மவர்களுக்குப் பிடித்தது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம். முதல் டிவிஷனில் 22 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 42 ஆட்டங்கள். வென்றால் 2 பாயிண்டு, டிரா ஆனால் 1 பாயிண்டு. கடைசி இரண்டு இடத்தில் வரும் அணிகளுக்குப் பதவி இறக்கம். இரண்டாவது டிவிஷனில் முதல் இரண்டு இடம் பெறும் அணிகளுக்குப் பதவி உயர்வு. பாயிண்டு சமமானால், போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்து, எது பெரிதோ அதற்கு மேல் இடம்.

சிட்டியில் பட்டம் வென்ற ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அப்படியே இருந்தனர். டோகர்ட்டி இருந்தார். எரிக் புரூக் இருந்தார். ஸ்விப்ட் இருந்தார். நிர்வாகி வில்ப் வைல்டும் அவரேதான். அணி கோல் போடுவதிலும் குறை வைக்கவில்லை. அந்த சீசனில் சிட்டி போட்டது 80 கோல். முதல் டிவிஷனில் இருந்த 22 அணிகளில் வேறு எந்த அணியும் அத்தனை கோல் போடவில்லை. சாம்பியன் பட்டம் பெற்ற ஆர்சனல் கூட 77 கோல்தான்.

பிறகு ஏன் விழுந்தது?

ஒரு ஆட்டத்தில் ஏழு கோல் போட்டு வென்றாலும் 2 பாயிண்டுதான். ஒரே ஒரு கோல் போட்டு வென்றாலும் அதே 2 பாயிண்டுதான். ஸ்விப்ட் நான்கு கோல் வாங்கி அறிமுகமான அதே டெர்பி மைதானத்தில் சிட்டி அந்த சீசனில் 7-1 என்று வென்றது. அன்று கூடுதலாகப் போட்ட கோல்களை மறு வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. ஒரே நாளில் மழை கொட்டித் தீர்த்துவிட்டு, மாதக் கணக்கில் வானம் பொய்த்தால் விளைச்சல் எப்படி வரும்? அந்தக் கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆர்சனல் அந்த சீசனில் வாங்கியது 44 கோல். சிட்டி வாங்கியது 77. அந்த 77-ம் ஸ்விப்டைத் தாண்டித்தான் உள்ளே போயின. முன்னால் நிற்பவர்கள் கோல் போடும் ஆசையில் ஏறிப் போவார்கள். பந்து பறிபோனால் பின்னால் ஆள் இருக்காது. கோல்கீப்பர் ஒற்றை ஆளாய் நிற்பார். இப்படி எத்தனை சமாதானம் சொன்னாலும், வலைக்குள் போய்ப் பந்தைப் பொறுக்கி எடுத்து வர வேண்டியவர் அவர்தான். சம்பளப் பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கும். பழிப் பட்டியலில் முதல் பெயர் கோல்கீப்பருடையது.

கடைசி நாள்

அந்த வருஷம் முதல் டிவிஷனில் ஒரு விசித்திரம். மேலே இருந்த ஆர்சனலுக்கு 52 பாயிண்டு. கடைசியில் இருந்த வெஸ்ட் பிராம்விச்சுக்கு 36. இருபத்திரண்டு அணிகளும் 16 பாயிண்டுக்குள் நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. கூட்ட நேரத்து ரெயில் பெட்டி போல. யார் எப்போது கீழே தள்ளப்படுவார் என்று கடைசி நாள் வரை தெரியாது.

1938-ம் ஆண்டு மே 7-ந் தேதி கடைசி ஆட்டம். சிட்டி 36 பாயிண்டுடன் ஹடர்ஸ்பீல்டு ஊருக்குப் போனது. ஹடர்ஸ்பீல்டுக்கு 37 பாயிண்டு. அவர்களும் ஆபத்தில் இருந்தவர்கள்தான். ஒரு வாரத்துக்கு முன்புதான் வெம்ப்ளியில் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியால் பிரஸ்டனிடம் தோற்றிருந்தார்கள்.

சிட்டி வென்றிருந்தால் 38 பாயிண்டு ஆகியிருக்கும். கோல் கணக்கும் கை கொடுத்திருக்கும். ஹடர்ஸ்பீல்டு கீழே போயிருக்கும். ஆனால் ஒரு கோல். ஒரே ஒரு கோல். அது ஸ்விப்டின் வலைக்குள் போயிற்று. சிட்டியால் பதில் கோல் போட முடியவில்லை. 80 கோல் போட்ட அணிக்குத் தேவையான நாளில் ஒரு கோல் கிடைக்கவில்லை.

ஸ்டோக், பர்மிங்காம், போர்ட்ஸ்மவுத், கிரிம்ஸ்பி ஆகிய நான்கு அணிகள் 38 பாயிண்டுடன் தப்பின. இவற்றில் போர்ட்ஸ்மவுத், நான்கு வருஷத்துக்கு முன் வெம்ப்ளியில் சிட்டியிடம் தோற்ற அணி. கிரிம்ஸ்பி, முந்தின கிறிஸ்துமஸ் அன்று சிட்டியை உசுப்பிவிட்டு சாம்பியன் ஆக்கிய அணி. மான்செஸ்டர் சிட்டி 21-வது இடம். 14 வெற்றி, 8 டிரா, 20 தோல்வி. நடப்பு சாம்பியன் இரண்டாவது டிவிஷனில்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போல இன்னொன்றும் நடந்தது. அதே ஊரைச் சேர்ந்த மான்செஸ்டர் யுனைடெட் அதே வருஷம் இரண்டாவது டிவிஷனில் இருந்து மேலே ஏறியது. ஒரே ஊரில் ஒரு வீட்டில் கல்யாணம். எதிர் வீட்டில் எழவு.

விழுந்த வீட்டிலேயே இருந்தார்

ஸ்விப்ட் சிட்டியை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்து விதியையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்டக்காரருக்கு அதிகபட்ச வாரச் சம்பளம் 8 பவுண்டு. எந்தக் கிளப்பும் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தாலும், கிளப் விடுதலை கொடுத்தால்தான் வேறு கிளப்புக்குப் போகலாம். அதனால் மேலே போனாலும் பணம் பெரிதாகக் கூடாது. நினைத்தவுடன் போகவும் முடியாது. இன்றைய ஆட்டக்காரர்கள் போல் கோடிகளைக் காட்டிக் கிளம்பும் வழி அன்று இல்லை.

ஆகவே அவர் தங்கியதைத் தியாகம் என்று மட்டும் சொல்வது சரியாகாது. ஆனால் தங்குவதிலும் இரண்டு விதம் உண்டு. வேறு வழியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு தங்குவது ஒரு விதம். வேலை எந்த டிவிஷனில் இருந்தாலும் வேலைதான் என்று தங்குவது இன்னொரு விதம். ஸ்விப்ட் இரண்டாவது ரகம். கீழே இறங்கிய 1938-39 சீசனில் 42 லீக் ஆட்டங்களில் 41-ல் அவர் விளையாடினார். அணி ஐந்தாவது இடம்தான் பெற்றது. மேலே ஏற முடியவில்லை.

அவர் ஆட்ட முறையிலும் ஒரு புதுமை இருந்தது. அந்த நாளில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தால், கண்ணை மூடிக் கொண்டு தூரத்துக்கு உதைப்பதுதான் வழக்கம். ஸ்விப்ட் அப்படிச் செய்யாமல், தன் பெரிய கையால் பந்தை எடுத்து, காலியாக நிற்கும் தன் ஆளுக்குக் குறி பார்த்து எறிவார். இன்று உலகம் முழுவதும் கோல்கீப்பர்கள் இதைச் செய்கிறார்கள். அன்று இது புதுசு.

இன்னொன்று அவர் சிரிப்பு. கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ள அன்று விதி இடம் கொடுத்தது. இடி வாங்கிக் கொண்டும் எதிரியிடம் வேடிக்கை பேசுவார். பின்னால் இருக்கும் ரசிகர்களோடும் தமாஷ் செய்வார். 20 வயதில் மயங்கி விழுந்த பையனா இவர் என்று கேட்கத் தோன்றும். பயத்தை வெல்லச் சிலர் கோபப்படுவார்கள். இவர் சிரிக்கக் கற்றுக் கொண்டார்.

யுத்தம் தின்ற வருஷங்கள்

1939-ம் ஆண்டு சீசன் தொடங்கி மூன்று ஆட்டம் முடிந்திருந்தது. செப்டம்பர் 3-ந் தேதி இரண்டாவது உலகப் போர் வந்தது. லீக் பந்தயம் நிறுத்தப்பட்டது. மீண்டும் முறைப்படி தொடங்கியது 1946-ம் ஆண்டில்தான். போர் தொடங்கிய போது ஸ்விப்டுக்கு 25 வயது. முடிந்து ஆட்டம் தொடங்கிய போது 32. ஒரு ஆட்டக்காரரின் நல்ல வயது அத்தனையும் யுத்தத்தோடு போயிற்று.

முதலில் அவர் சிறப்புப் போலீஸ்காரராகச் சேர்ந்தார். மான்செஸ்டர் வீதியில் போக்குவரத்தைச் சீர் செய்யச் சொன்னார்கள். முதல் நாளே வண்டிகளை ஒன்றோடு ஒன்று சிக்க வைத்துவிட்டு, அது தானாகவே சரியாகட்டும் என்று நடந்து போய்விட்டதாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. பந்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு மோட்டாரை நிறுத்தத் தெரியவில்லை. பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். போர்க் காலத்தில் இங்கிலாந்துக்காக விளையாடிய ஆட்டங்கள் சர்வதேசக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

1946-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பெல்பாஸ்ட் நகரில் அயர்லாந்து அணிக்கு எதிராக, இங்கிலாந்துக்காக முதல் முறையாக அதிகாரபூர்வமாக விளையாடினார். 7-2 என்று வெற்றி. அப்போது அவருடைய கிளப் இன்னும் இரண்டாவது டிவிஷனில்தான் இருந்தது. நாட்டிலேயே முதல் கோல்கீப்பர், இரண்டாம் தரப் பந்தயத்தில் ஆடிக் கொண்டிருந்தார்!

மறுபடியும் மேலே

1946-ம் ஆண்டு இறுதியில் சிட்டிக்குப் புது நிர்வாகி வந்தார். அவர் வேறு யாரும் அல்ல. வெம்ப்ளிக்கு முந்தின இரவில் வெந்நீரில் காலை வைத்துக் கொண்டு ஸ்விப்டைப் பேச்சில் ஆழ்த்திய பழைய கேப்டன் சாம் கோவன்தான். பட்டம் வென்ற போதும் கீழே விழுந்த போதும் அவர் சிட்டியில் இல்லை. தூக்கிவிட வந்தார்.

அந்த சீசனிலேயே சிட்டி 62 பாயிண்டு பெற்று இரண்டாவது டிவிஷனில் முதல் இடம் பெற்றது. விழுந்து ஒன்பது வருஷம் கழித்து முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. விழுந்த நாளில் கோல் காத்தவரே எழுந்த நாளிலும் கோல் காத்தார். கோவனின் வீடு தெற்கே பிரைட்டன் ஊரில் இருந்தது. அங்கிருந்து வந்து போவது கிளப்புக்குப் பிடிக்காததால், ஒரு சீசனோடு அவர் விலகினார். தூக்கிவிட்டவருக்குக் கிடைத்த சன்மானம் அவ்வளவுதான்.

ஸ்விப்டின் பெருமை மட்டும் ஏறிக் கொண்டே போனது. 1948-ம் ஆண்டு மே 16-ந் தேதி இத்தாலி நாட்டின் டூரின் நகரில் இங்கிலாந்து அணிக்குக் கேப்டனாக மைதானத்தில் இறங்கினார். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கேப்டனான முதல் கோல்கீப்பர் அவர்தான். உலக சாம்பியனான இத்தாலியை அதன் மண்ணிலேயே 4-0 என்று இங்கிலாந்து தோற்கடித்தது. இத்தாலிக்காரர்கள் சரமாரியாக அடித்த பந்துகளை ஸ்விப்ட் தடுத்துத் தள்ளினார்.

அன்று எதிரே ஆடிய இத்தாலியர் பலர் டோரினோ கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஒரு வருஷம் முடிவதற்குள், 1949-ம் ஆண்டு மே 4-ந் தேதி, அவர்கள் வந்த விமானம் டூரினுக்கு அருகே சூப்பர்கா குன்றில் மோதியது. எதிர்க் கோல் கம்பத்தில் நின்ற பசிகலூப்போ உள்பட அந்த அணியே மாண்டது. தனக்கும் ஆகாயத்தில்தான் விதி எழுதியிருக்கிறது என்று அப்போது ஸ்விப்டுக்கு எப்படித் தெரியும்?

கையுறையைக் கழற்றினார், பேனாவை எடுத்தார்

நாட்டுக்காக 19 ஆட்டங்கள் ஆடியபின், 1949-ம் ஆண்டில் ஓய்வு பெற முடிவு செய்தார். ஆனால் அவருடைய இடத்துக்கு வர வேண்டியவருக்கு உடல்நிலை கெட்டது. கிளப் கேட்டுக் கொண்டதால், அடுத்த சீசனிலும் நான்கு ஆட்டங்கள் ஆடிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மொத்தம் 338 லீக் ஆட்டங்கள். எல்லாம் ஒரே கிளப்புக்கு.

அவர் போன அந்த சீசனிலேயே சிட்டி மறுபடியும் கீழே விழுந்தது. ஸ்விப்ட் இடத்துக்கு வந்தவர் பெர்ட் டிரவுட்மன். ஜெர்மன் பாராசூட் படை வீரராக இருந்து, இங்கிலாந்தில் யுத்தக் கைதியாக இருந்தவர். அவரை எதிர்த்து மான்செஸ்டரில் ஊர்வலம் நடந்தது. பின்னாளில் 1956-ம் ஆண்டு எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்தும் கடைசி வரை நின்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஸ்விப்ட் காத்த இடத்துக்குக் குறை வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஸ்விப்ட் நியூஸ் ஆப் தி வேர்ல்டு என்ற ஞாயிறு பத்திரிகையின் கால்பந்து நிருபர் ஆனார். மைதானத்தில் இருந்து பத்திரிகையாளர் வரிசைக்கு மாறினார். ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து எழுதினார். பந்தைத் தவற விட்டவனின் வேதனை என்ன என்று தெரிந்த ஒருவர் நிருபராக வருவது அபூர்வம்.

மியூனிக்

மாட் பஸ்பி என்ற பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? வெம்ப்ளியில் ஸ்விப்டோடு பதக்கம் வாங்கிய அந்த பஸ்பி, 1945-ம் ஆண்டு முதல் எதிர் வீடான மான்செஸ்டர் யுனைடெட்டின் நிர்வாகி. இளைஞர்களைத் திரட்டி ஒரு பேரணியை உருவாக்கியிருந்தார். 1958-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி பெல்கிரேடு நகரில் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில் ரெட் ஸ்டார் அணியுடன் 3-3 என்று டிரா செய்து, அரை இறுதிக்குப் போனது அந்த அணி. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத ஸ்விப்டும் போயிருந்தார்.

மறுநாள் திரும்பும் வழியில் பெட்ரோல் நிரப்ப விமானம் மியூனிக்கில் இறங்கியது. பனி. ஓடுபாதையில் உருகிய பனிச் சேறு. இரண்டு முறை கிளம்ப முயன்று நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது முறை விமானம் மேலே எழும்பவில்லை. ஓடுபாதையைத் தாண்டி வேலியை உடைத்துக் கொண்டு ஒரு வீட்டில் மோதியது.

விமானத்தில் இருந்த 44 பேரில் 23 பேர் மாண்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். எட்டுப் பேர் பத்திரிகையாளர்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் பிராங்க் ஸ்விப்ட். இடிபாட்டில் இருந்து வெளியே எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 44.

பஸ்பி பல வாரம் சாவோடு போராடிப் பிழைத்தார். பத்து வருஷம் கழித்து 1968-ம் ஆண்டு அதே ஐரோப்பியக் கோப்பையை வென்றார். விமானியும் பிழைத்தார். ஆனால் பழி அவர் மேல் விழுந்தது. ஓடுபாதைச் சேறுதான் காரணம், விமானி குற்றவாளி அல்ல என்று பிரிட்டிஷ் விசாரணை 1969-ம் ஆண்டில்தான் சொன்னது. கடைசியில் நிற்பவன் தலையில்தான் எல்லாப் பழியும் விழும் என்பது கோல் கம்பத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல.

மிஞ்சியது என்ன?

இன்று மான்செஸ்டர் சிட்டி உலகின் பெரும் பணக்காரக் கிளப்புகளில் ஒன்று. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை இங்கிலாந்து சாம்பியன் ஆனது. ஸ்விப்ட் காத்த மெயின் ரோடு மைதானத்தை விட்டு 2003-ம் ஆண்டே வேறு இடம் போய்விட்டது. ஆனாலும் சாம்பியனாக இருந்து சரிந்த ஒரே கிளப் என்ற அந்தப் பழைய கறை மட்டும் வரலாற்றில் அப்படியே இருக்கிறது.

கறை கிளப்புக்குத்தான். ஸ்விப்டுக்கு இல்லை. 77 கோல் வாங்கிக் கீழே இறங்கிய கோல்கீப்பரை, பத்து வருஷம் கழித்து நாடே கேப்டன் ஆக்கியது. இடையில் அவர் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதோறும் தன் இடத்தில் போய் நின்றார். வலைக்குள் போன பந்தை எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் ஆட்டத்துக்குக் கொடுத்தார். வந்த அடுத்த பந்தைப் பிடித்தார்.

சம்பளத்துக்கு வேலை செய்கிற நமக்கும் ஏறும் வருஷம் உண்டு, இறங்கும் வருஷம் உண்டு. பட்டியலில் நம் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பல சமயம் நம் கையில் இல்லை. அடுத்த பந்துக்குக் கையை நீட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.